மாறியது மருந்துதான்

கொல்லயில்
நெய்யாற்றின்கரை வழி
9 ஆகஸ்ட் 2022

தம்பி தாசுக்கு,

உன் அக்காள் ரத்னபாய்தான். உறையின் மேலுள்ள கோழிக் கிறுக்கலைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். அத்தான் போனில் இருந்து கூப்பிட்டேன், அதையும் பிளாக் செய்தாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் பூட்டுத் தொங்குகிறது. சமையல் ஷெட்டில் உருளிப் பாத்திரங்கள் எல்லாம் கவிழ்ந்து கிடக்கின்றன. கல்யாண சீசன் வரப்போகிற நேரத்தில் உன் உருளி கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உன் கூட்டாளி சஜனைத் தேடிப் போனேன். கெஞ்சிக் கூத்தாடியபின்தான் பாலராமபுரத்தில் ஒரு ஹோட்டலில் அடுக்களை வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று விலாசம் தந்தான். அவனைத் திட்டாதே.

நான் செய்தது தப்புத்தான். ஆனால் எப்படி நடந்தது என்று கேள். நீதானே போனில் சொன்னாய், "அக்கா, எல்லாம் மாறியாச்சு. ரத்தத்துல கிருமியே காணேல்லையாம்." இந்த ஊரில் பனி மாறி என்றால் காய்ச்சல் விட்டது என்றுதானே அர்த்தம். தலைவலி மாறி என்றால் தலைவலி போய்விட்டது. உனக்கும் தீனம் மாறிவிட்டது, நோய் போய்விட்டது என்று நான் நினைத்ததில் என்ன அதிசயம்? போனை வைத்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். பதினேழு வருஷமாக உனக்காக முட்டுக்குத்தி ஜெபித்தவள் நான்.

அந்த ஞாயிறு பெண்கள் ஐக்கிய சங்கத்து ஆராதனை. யாராவது சாட்சி சொல்ல உண்டா என்று கேட்டார்கள். என் கால் தானாக எழுந்து போயிற்று. எச்.ஐ.வி. என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை, கர்த்தர் அறிவார். கிருமி என்றுதான் சொன்னேன். கிருமி யாருக்குத்தான் இல்லை?

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோதுதான் என் புத்தி திரும்பி வந்தது. அத்தான் என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. நீ வந்து திட்டு. வந்து திட்டினால் போதும்.

அக்காள்
ரத்னபாய்


பாலராமபுரம்
18 ஆகஸ்ட் 2022

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ கிளம்பி இங்கே வந்துவிடக் கூடாது என்றுதான் பதில் எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு நான் எங்கே நின்றேன் தெரியுமா? ஜங்ஷனில், இலைக்கடையில். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இலை வாங்கிக்கொண்டிருந்தேன். சர்ச் கூரையில் இருக்கிற கோளாம்பி ஸ்பீக்கர் அந்தக் கடையைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. முதலில் உன் குரல் கேட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அக்காளுக்கு மைக் பயம் போய்விட்டதே என்று. அடுத்து என் பேர் வந்தது. "என் தம்பி ஜெயதாசுக்கு ரத்தத்துல கெடந்த கிருமி காணாம போச்சு. இத்தன வருசத்துத் தீனம் மாறி. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லியாச்சு." இலைக்காரன் எண்ணிக்கொண்டிருந்தவன் எண்ணிக்கையை விட்டுவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் முதலில் இருந்து எண்ணத் தொடங்கினான்.

கிருமி யாருக்குத்தான் இல்லை என்று கேட்கிறாய். ரத்தத்தில், வருஷக்கணக்கில், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். இத்தனையும் சொல்லிவிட்டு அந்த ஒரு வார்த்தையை மட்டும் மறைத்தாயாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

தமிழும் மலையாளமும் கலந்து பேசி வளர்ந்த வினை இது. நான் தமிழில் சொன்னேன், நீ மலையாளத்தில் கேட்டுவிட்டாய். மாறியது மருந்து, அக்கா. தீனம் மாறவில்லை. காலையும் ராத்திரியும் தின்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, நாளுக்கு ஒரு குளிகையாகப் புதிய மருந்து தந்தார்கள். அதைத்தான் மாறியாச்சு என்றேன். கிருமி காணவில்லை என்றால் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. சோதனையில் அகப்படாத அளவுக்கு ஒடுங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். குளிகை நின்றால் எழுந்து வரும்.

நான் கல்யாணச் சமையல்காரன். என் கை தொட்ட சோற்றை நூறு பேர், ஆயிரம் பேர் தின்கிறார்கள். சாப்பாட்டினால் இந்தத் தீனம் பரவாது என்று எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? கேரளத்து ஆஸ்பத்திரிகளை விட்டுவிட்டு நாகர்கோவில் பக்கம் போய் மருந்து வாங்கினது எதற்கு? களியிக்காவிளை வழியாக நேரே போகாமல், பனச்சமூட்டில் இறங்கி பஸ் மாறி, ஊரைச் சுற்றிப் போனது எதற்கு? யாராவது கேட்டால் மார்த்தாண்டத்தில் தேன் வாங்கப் போகிறேன் என்று சொல்வேன். அத்தனையும் ஒரே மூச்சில் நீ கொட்டிக் கவிழ்த்தாய். செவ்வாய்க்கிழமையே நெய்யாற்றின்கரைக் கல்யாணக்காரர் கூப்பிட்டார். "ஜெயதாஸே, வேற ஆளைப் பார்த்தாச்சு. ஒண்ணும் விசாரிக்கண்டா." தப்பாக நினைக்க வேண்டாமாம். நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

தீனம் மாறி என்று நீதான் மைக்கில் சொல்லிவிட்டாயே. மாறிய தீனத்துக்கு இனி குளிகை எதற்கு?

ஜெயதாஸ்


கொல்லயில்
22 ஆகஸ்ட் 2022

தாஸே,

உன் கடிதத்தில் நீ திட்டியது எல்லாம் எனக்கு வேண்டியதுதான். கடைசி வரி மட்டும் வேண்டாம். அதைப் படித்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சஜனிடம் ஓடினேன். மருந்து வாங்கும் தேதி போய்விட்டது, நீ போகவில்லை என்று அவன் சொன்னான். மருந்து தரும் சென்டரில் இருந்து உன்னைக் கூப்பிட்டு, நீ எடுக்காததால், நீ அங்கே கொடுத்து வைத்த அவன் நம்பருக்குக் கூப்பிட்டார்களாம். மக்கா, குளிகை தின்னியா இல்லியா, அதை மட்டும் எழுது.

முதலில் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ பாதி மயக்கத்தில் கிடந்தாய். எனக்கு இருக்கிறது. ஆட்டோவில் இருந்து உன்னை அத்தான் ஒற்றைக் கையால் தூக்கி இறக்கினார். முப்பத்திரண்டு வயது ஆணை ஒற்றைக் கையால். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கிறிஸ்மஸ் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். அத்தான் அதை என்னிடம் சொல்ல ஒரு வாரம் எடுத்தார். நான் கல்லறைத் தோட்டத்தில் நம் அம்மாவுக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு இடம் கேட்டு வைத்தேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அந்த இடத்தில் இப்போது எங்கள் பெண்கள் சங்கத்து விலாசினியின் மாமியார் கிடக்கிறாள்.

அப்புறம் மருந்து தொடங்கினார்கள். முதல் மாதம் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாய். பிறகு ஒருநாள் நான் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தபோது, "பசிக்குது அக்கா" என்றாய். என் பிள்ளைகள் முதலில் பேசிய வார்த்தைகூட எனக்கு அவ்வளவு ஞாபகம் இல்லை. இந்த மருந்து வருவதற்கு முன்பு இதே கட்டிலில் கிடந்தவர்கள் யாரும் பசிக்கிறது என்று எழுந்திருக்கவில்லை என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள்.

அந்த மருந்தை என் மேலுள்ள கோபத்தில் நிறுத்துவாயா? எப்படி வந்தது தீனம் என்று நான் ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை. நீ என்னை மன்னிக்கவும் வேண்டாம். உயிரோடு இருந்து என்னோடு பேசாமல் இரு. சாகும்வரை பேசாதே. நான் சாகும்வரை என்று சொல்கிறேன், நீ சாகும்வரை இல்லை.

ரத்னபாய்


பாலராமபுரம்
30 ஆகஸ்ட் 2022

அக்கா,

தின்னவில்லை. நீ கேட்டதற்கு அதுதான் பதில்.

சாமியார்த்தனமோ விசுவாசமோ ஒன்றும் இல்லை. இங்கே நாலு பேர் ஒரு அறையில் கிடக்கிறோம். டப்பாவை வெளியே எடுத்தால் என்ன குளிகை என்று கேட்பார்கள். முதல் நாள் அப்படி விட்டுப்போயிற்று. இரண்டாம் நாள் கோபம். மூன்றாம் நாள், இவ்வளவு காலம் ஊருக்கு ஒளித்து ஒளித்துத் தின்றேனே, இனி ஒளிக்க ஒன்றும் இல்லை, அப்புறம் எதற்குத் தின்பது என்று தோன்றியது. இப்போது எழுதும்போது இது எவ்வளவு மடத்தனம் என்று தெரிகிறது. அப்போது நியாயமாக இருந்தது. உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. அதுதான் இதில் உள்ள சதி, ஒன்றுமே செய்யாது, நன்றாகத்தான் இருக்கும்.

கல்லறை விஷயம் படித்து பேய் பிடித்தவன் மாதிரி பட்டப்பகலில் தனியே சிரித்தேன். ஹோட்டல்காரர் எட்டிப் பார்த்தார். விலாசினியின் மாமியார் எனக்கு எந்தக் காலத்திலும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கடைசியில் எனக்கு மாற்றாளாகப் போயிருக்கிறாள்.

நர்ஸ் சொன்னதையும் படித்தேன். அந்த வார்டில் எனக்கு வலப்பக்கம் கிடந்தவனை எனக்கு ஞாபகம் உண்டு. மருந்து வர இன்னும் ஒரு மாதம் காத்திருக்க அவனால் முடியவில்லை.

திங்கள்கிழமைக்கு லீவு கேட்டிருக்கிறேன். தருவார்களா தெரியாது.

தாஸ்


கொல்லயில்
13 செப்டம்பர் 2022

என் தம்பிக்கு,

நீ நாகர்கோவில் போய் வந்ததை சஜன் ஓணத்துக்கு முந்திய நாளே ஓடி வந்து சொன்னான். டாக்டர் திட்டினாராம், ரத்தம் எடுத்தார்களாம், குளிகை தொடங்கியாச்சாம். அதனால்தான் ஓணச் சாப்பாடு எனக்கு இறங்கிற்று. நீ நேரே என்னிடம் சொல்லாததில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் வருத்தப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

இப்போது ஒன்று சொல்லப்போகிறேன். கோபப்படாமல் கடைசி வரைக்கும் படி. போன ஞாயிறு மறுபடியும் மைக்கின் முன்னால் போய் நின்றேன்.

பொய்ச்சாட்சி சொன்னவள் என்று என் மனசாட்சி குத்திக்கொண்டே இருந்தது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது கர்த்தர் கட்டளையிட்ட பத்துக் கற்பனைகளில் ஒன்றல்லவா. அதனால் எழுந்து போய், "அண்ணைக்கு நான் சொன்னது பிழை. என் தம்பிக்குத் தீனம் மாறேல்ல. மருந்துதான் மாறிச்சு" என்று சொல்லிவிட்டேன். அத்தான் அப்படியே தலையைக் குனிந்தார். முதல் தடவை புரியாமல் இருந்த ஒன்றிரண்டு பேருக்கும் இந்தத் தடவை புரிந்திருக்கும் என்று வீட்டுக்கு வரும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆனால் சர்ச் வாசலில் நடந்தது வேறு. விலாசினி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கத்தான் அவள் பாடுபட்டாள். "ரத்னா, நீ எதுக்கு ரெண்டு தடவ மெனக்கெடுத? எங்களுக்கு அப்பமே அறியும் கேட்டியா."

எப்போதே என்றால், நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே. அங்கே துணிமணி வெளுக்க வந்தவள் விலாசினிக்குத் தூரத்துச் சொந்தமாம். ஒரு வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதாம். நீ எழுந்து நடந்து, திரும்பவும் கரண்டி பிடித்த முதல் வருஷம் ஒரு ஆர்டரும் வரவில்லையே, ஞாபகம் உண்டா? மழை அதிகம், ரப்பர் விலை இல்லை, யாரும் கல்யாணம் வைக்கவில்லை என்று நீயும் நானும் பேசிக்கொண்டோம். கல்யாணமெல்லாம் நடந்திருக்கிறது, தாஸே. உன்னைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். விலாசினி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வேற ஆளாக்கும் வச்சது. அவன் அடப் பிரதமன் பாயசத்த அடிபிடிக்க விட்டு, அவியல்ல புளிய கொட்டி, மாப்பிள வீட்டுக்காரங்க பாதி எலையில எந்திரிச்சிட்டாங்க. அண்ணைக்கே நாலஞ்சு பேரு சுகாதார நர்ஸுகிட்ட போய் நேரே கேட்டோம், அவன் வைக்கிய சோறு தின்னா தீனம் ஒட்டுமான்னு. ஒட்டாதுன்னு அவ சொன்னா. அப்பறம் எவன் உம் தம்பிய விடுவான்?"

அன்பு இல்லை, இரக்கம் இல்லை. பிரதமன் அடிபிடித்ததால்தான் ஊர் உன்னை ஏற்றுக்கொண்டது. இதைக் கேட்டு நான் கும்பிடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். அவர்கள் எல்லோரும் தெரிந்தே உன் கையால் தின்றிருக்கிறார்கள். உனக்குத் தெரியக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். தேன் விஷயமும் தெரியும். "மாசாமாசம் தேன் வாங்கப் போறவன் வீட்டுல ஒரு சொட்டுத் தேன் கண்டதில்ல" என்று பெண்கள் சங்கத்தில் அது ஒரு பழைய சிரிப்பாம்.

நெய்யாற்றின்கரைக்காரர் கூப்பிடவில்லை, இனியும் கூப்பிட மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அவருக்கு உன் பிரதமன் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் உன் ஷெட் வாசலில் சஜன் மூன்று பேருக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறான். தை மாதத்துக் கல்யாணங்கள். நீ இல்லாமல் தேதி கொடுக்க அவனுக்குப் பயம்.

ரத்னபாய்


பாலராமபுரம்
26 நவம்பர் 2022

அக்கா,

உன் நம்பரைப் பிளாக்கில் இருந்து எடுத்துவிட்டேன். இருந்தாலும் இதைக் கடிதமாகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே ஸ்தோத்திரம் என்று கத்திவிடுவாய், எனக்கு மீதி சொல்ல வராது.

உன் செப்டம்பர் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம்தான். ஆனால் உன் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபம். பனச்சமூட்டில் மழையில் நின்று நின்று பஸ் மாறினேனே, யாரை ஏமாற்ற? பந்தியில் என்னைப் பார்த்துப் பார்த்து, "ஜெயதாஸே, இன்னும் ஒரு கரண்டி" என்று கேட்டவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டே கேட்டார்களா? இரண்டு நாள் பைத்தியக்காரன் மாதிரி ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஹோட்டலில் அவியலுக்குக் காய் நறுக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. அவர்கள் பயத்தை விழுங்கிக்கொண்டுதான் முதல் உருண்டையை விழுங்கியிருப்பார்கள். இரண்டாவது கரண்டி கேட்டபோது பயம் இருந்திருக்காது. அது போதும் எனக்கு. ஒரு சமையல்காரனுக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

போன மாதம் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள், நேற்று அதன் முடிவு வாங்கப் போனேன். களியிக்காவிளை வழியாக நேரே போனேன், இவ்வளவு பக்கமா என்று இருந்தது. நான் நடுவில் விட்ட நாட்களில் கிருமி எழுந்து வந்திருக்கும், இந்தப் புதிய குளிகையும் பலிக்காமல் போயிருக்கும் என்று வழி முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டே இருந்தேன். டாக்டர் புதிய பெண், உன் மூத்த பிள்ளை வயதுதான் இருக்கும். தாளைப் பார்த்தார். "வைரஸ் காணேல்ல. நல்லாருக்கு. இனி ஒரு நாளும் விடக்கூடாது" என்றார். அவ்வளவுதான். நான் எழுந்திருக்கப் போனேன். "இருங்க, போவாதீங்க" என்று உட்கார வைத்து இன்னொரு தாளை எடுத்தார். முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

எனக்குச் சுகர் இருக்கிறதாம். கொஞ்சம் பிரஷரும். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். ஒரு கல்யாணத்துக்கு எத்தனை தடவை பாயசம் ருசி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிடித்தார் பாரு ஒரு பிடி. இந்த எச்.ஐ.வி. விஷயத்தில்கூட யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை. "இப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இதே மாதிரி பாயசம் குடிச்சிட்டு இருந்தா, இருபது வருஷம் கழிச்சு கிட்னிக்குன்னு அலைய வேண்டி வரும், பாத்துக்கோங்க."

அவர் வேறு ஒன்றும் யோசிக்காமல் சொன்னார், அக்கா. அடுத்த ஆளைக் கூப்பிட மணியும் அடித்துவிட்டார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், கெட்ட செய்தியா தம்பி என்று கேட்டாள். இல்லை, சுகர் என்று சொன்னேன். அதற்கா இப்படி அழுகிறாய் என்று அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இருபது வருஷம் கழித்து எனக்கு அறுபத்தொன்பது வயது. கிழவன். முட்டுவலி, பல் ஆட்டம், காது மந்தம் எல்லாம் வரலாம். உனக்கு எழுபத்தெட்டு. நாம் இரண்டு பேரும் யாருக்குச் சுகர் அதிகம் என்று சண்டை பிடிப்போம்.

ஹோட்டலில் சொல்லிவிட்டேன், இந்த மாதத்தோடு நிற்கிறேன். அடுத்த சனிக்கிழமை வருகிறேன். தை மாதத் தேதிகளைக் கொடுக்கச் சொல்லி சஜனிடம் சொல்லிவிடு, பாயசத்துக்கு இனிப்புப் பார்ப்பது இனி அவன் பொறுப்பு. மற்றதெல்லாம் நேரில் வந்து உன்னைக் கேட்க வேண்டும். இத்தனை காலமும் அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும்தான் யோசித்துப் பழகியிருக்கிறேன். இருபது வருஷத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி
தாஸ்